ஒட்டவில்லை, மாட்டியிருக்கிறது

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை ஒட்டிய சந்து ஒன்றில், இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் வெளியே நிற்கவேண்டிய அளவுக்கு ஒரு கடை. வெள்ளி நகை பழுது பார்ப்பார்கள். மகளின் கொலுசு அறுந்துபோனதால் அங்கே போயிருந்தேன். ஆசாரி மெல்லிய வெள்ளிக் கம்பியை ஓர் ஆணியில் சுற்றி, வெட்டி, வாய் திறந்த வளையம் ஒன்றை எடுத்தார். அறுந்த இரண்டு முனைகளையும் அதில் மாட்டினார். குறட்டால் வாயை நெருக்கி, வெங்காரம் தொட்டு, மிளகாய் விதையில் பாதிகூட இல்லாத பற்றவைக்கும் பொடியை அங்கே வைத்து ஊதினார். ஒரு நொடி மினுங்கியது. தண்ணீரில் போட்டதும் ‘சுர்’ என்றது. அவ்வளவுதான் வேலை.

“நல்லா ஒட்டிக்கிச்சாண்ணே?” என்றேன்.

“ஒட்டல சார், மாட்டியிருக்கு. பொடி வச்சது வளையத்தோட வாய்ல மட்டும்தான். வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவுல பொடி ஓடிடுச்சுன்னா அந்த எடம் விறைச்சுக்கும். விறைச்ச எடத்துலதான் மறுபடி அறுந்துபோவும்.”

பொடி வைத்து ஊதுபவரே பொடி வைக்காமல் பேசிவிட்டார். நான் எழுத நினைத்திருந்த வேதியியல் விஷயத்தில் பாதி அதிலேயே இருந்தது. மீதிப் பாதி இது.

நாம் அன்றாடம் தொடும் பிளாஸ்டிக், ரப்பர், நைலான், எல்லாமே பாலிமர்கள்: சின்னச் சின்ன மூலக்கூறுகள் வரிசையாகக் கைகோத்து நூலாக நீண்டவை. அந்தக் கைகோத்தலைச் சகப்பிணைப்பு என்கிறோம். இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்குபோட்டுக்கொண்டு உறுதியாக ஒட்டிக்கொள்கின்றன. ஆசாரியின் பாஷையில் சொன்னால், பற்றவைத்த இடம். கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதி வேதியியல், எதை எதோடு எப்படிப் பற்றவைப்பது என்ற கலையாகத்தான் இருந்தது.

ஆனால் சங்கிலியில் வளையமும் வளையமும் பற்றவைக்கப்படவில்லை. தொட்டுக்கொண்டு, உரசிக்கொண்டு, திரும்பிக்கொண்டு இருக்கின்றன. ஆனாலும் பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு வளையத்தை வெட்டித்தான் ஆகவேண்டும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கித் தொங்கவிட்ட சங்கிலியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மூலக்கூறு அளவில் இப்படி மாட்டிக்கொண்டிருப்பதற்கு ‘இயந்திரப் பிணைப்பு’ என்று பெயர். இதில் இயந்திரம் எதுவும் இல்லை என்பதால் எனக்கு அந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிக்காது. கோர்வை என்றே சொல்லலாம்.

இதில் இரண்டு வகையைத் தெரிந்துவைத்தால் போதும். வளையமும் வளையமும் கோத்துக்கொண்டிருந்தால் கேட்டனேன். லத்தீனில் ‘கேட்டனா’ என்றால் சங்கிலி. இரண்டாவது ரோட்டாக்சேன். லத்தீனில் சக்கரம், அச்சு என்ற இரண்டு சொற்களைச் சேர்த்த பெயர் அது. மாட்டுவண்டி பார்த்தவர்களுக்குப் படமே வேண்டாம்: அச்சில் சக்கரம் சுற்றும், பக்கவாட்டில் கொஞ்சம் அசையும், ஆனால் கழன்று ஓடாது, ஏனென்றால் முனையில் கடையாணி இருக்கிறது. ரோட்டாக்சேனில் அச்சு ஒரு நூல் மூலக்கூறு, சக்கரம் ஒரு வளைய மூலக்கூறு. கடையாணி, வளையத்தின் துளைக்குள் நுழைய முடியாதபடி நூலின் இரு முனையிலும் பொருத்தப்பட்ட பருமனான ஒரு கட்டி. நூல் நீளமாக இருந்து அதில் நிறைய வளையங்கள் கோத்திருந்தால் பாலிரோட்டாக்சேன்.

சரி, இதனால் என்ன பயன்? அதற்கு முன்னால் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

‘கெட்டியான பொருள்’ என்று சொல்லும்போது நாம் இரண்டு வேறு குணங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கண்ணாடி கெட்டிதான், கத்தியால் கீறினாலும் கோடு விழாது. கைதவறிக் கீழே விட்டால் தூள். முருங்கைக் கிளை கை பருமன் இருக்கும், ஏறினால் படக்கென்று முறியும். புளிய மிலாறு விரல் பருமன்கூட இருக்காது, வளைத்து வளைத்துப் பார்த்தாலும் முறியாது. அடி வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். உடையும்வரை ஒரு பொருள் எவ்வளவு ஆற்றலை உள்வாங்கிக்கொள்கிறது என்பதுதான் இங்கே கணக்கு. அதை முறியாத்தன்மை என்று வைத்துக்கொள்வோம். வளையவும் வேண்டும், முறியவும் கூடாது. பாலிமர் செய்பவர்களின் நெடுநாள் ஆசை இது, நெடுநாள் தலைவலியும் இதுதான்.

தலைவலிக்குக் காரணம் முடிச்சு. ரப்பர் பாலை அப்படியே உறையவைத்தால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் அதில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கியபோதுதான் உருப்படியான ரப்பர் கிடைத்தது. கந்தகம் செய்தது, நூல்களுக்கு நடுவே அங்கங்கே முடிச்சுப் போட்டது. இதைக் குறுக்குப்பிணைப்பு என்பார்கள். தனித்தனி நூல்கள் ஒரு வலையாக மாறின. இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் காலை வேளையில் போனால் கரையில் உட்கார்ந்து வலை பிரித்துச் சரிபார்த்துக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம். அந்த வலையில் கண்கள் எல்லாம் ஒரே அளவு, முடிச்சுகள் அளவெடுத்துப் போட்டவை. இழுத்தால் பாரம் எல்லா நூலுக்கும் ஏறக்குறைய சமமாகப் போகும். ரப்பருக்குள் இருக்கும் வலை அப்படி இல்லை. அங்கே முடிச்சு விழுந்தது கண்ட இடத்தில். ஒரு முடிச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே சில இடத்தில் நூல் நீளம், சில இடத்தில் குட்டை. இழுக்கும்போது என்ன நடக்கும்? குட்டை நூல்தான் முதலில் விறைக்கும். நீள நூல்கள் இன்னும் தொய்வாக, வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். குட்டை அறும். அதன் பாரம் பக்கத்தில் இருக்கும் அடுத்த குட்டைமேல் ஏறும், அதுவும் அறும். இப்படித்தான் ஒரு சின்னக் கீறல் கிழிசலாக ஓடுகிறது. நூறு பேர் வடம் பிடிக்கிற தேரில் பத்துப் பேர் மட்டும் இழுத்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

முடிச்சை அதிகமாகப் போடலாமே என்றால், பொருள் விறைத்து உடையக்கூடியதாகிவிடும். குறைத்தால் கொழகொழவென்று வலுவில்லாமல் போகும். ஒன்றைக் கூட்டினால் ஒன்று குறையும். அப்போது ஒருவருக்குத் தோன்றுகிறது: முடிச்சே நகர்ந்து போகும்படி இருந்தால்?

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே உயரத்தில் அடித்த இரண்டு ஆணிக்கு நடுவே தையல் நூல் ஒன்றை நன்றாகத் தொய்வாகக் கட்டுங்கள். ஓர் ஆணிக்குப் பக்கத்தில் நூலில் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சிலிருந்து ஒரு பையைத் தொங்கவிட்டு, கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். நூல் ஆணிக்கும் முடிச்சுக்கும் நடுவே இருக்கும் குட்டைப் பக்கத்தில்தான் அறும், ஏனென்றால் பாரத்தில் பெரும்பங்கு அந்தப் பக்கம்தான் தாங்குகிறது. இப்போது புது நூல் கட்டி, முடிச்சுக்குப் பதில் சாவி வளையம் ஒன்றை நூலில் கோத்து, அதில் பையை மாட்டுங்கள். எங்கே மாட்டினாலும் வளையம் சறுக்கிக்கொண்டு நடுவுக்கு வந்து நின்றுவிடும். இரண்டு பக்கமும் இழுவிசை சமம். போன தடவை நூல் அறுந்த அதே எண்ணிக்கைக் கற்களை இந்தத் தடவை தாங்கும். நூலும் அதேதான், பாரமும் அதேதான்.

பாட்டியின் சுருக்குப்பையில் கயிறு நழுவுவதும் இந்த வேலைதான். நம் கடற்கரையில் இதைவிடப் பெரிய உதாரணம் உண்டு, சுருக்குமடி வலை. அடிவிளிம்பு நெடுக வளையங்கள் கட்டி, அவற்றுக்குள் ஒரே கயிற்றை ஓடவிட்டிருப்பார்கள். கயிற்றை இழுத்தால் வளையங்களுக்குள் நழுவி நழுவி அடிப்பக்கம் மொத்தமும் சுருங்கி மூடிக்கொள்ளும். அந்த வலையைப் பயன்படுத்தலாமா கூடாதா என்று கடலூர், புதுச்சேரி மீனவ கிராமங்களுக்குள் நடந்த சண்டைகள் எல்லோருக்கும் தெரியும், அதற்குள் நான் போகவில்லை. வளையத்துக்குள் கயிறு நழுவும் அந்த ஒரு காட்சியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2001-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் யசுஷி ஒக்குமுராவும் கோஸோ இத்தோவும் செய்தது இதைத்தான். நூல்களை நேரடியாக முடிச்சுப் போடவில்லை. ஒவ்வொரு நூலிலும் சில வளையங்களைக் கோத்தார்கள், முனைகளில் கடையாணி வைத்தார்கள், பிறகு ஒரு நூலின் வளையத்தை இன்னொரு நூலின் வளையத்தோடு மட்டும் பற்றவைத்தார்கள். இரண்டு வளையங்கள் ஒட்டி ‘8’ போல நிற்கும், மேல் துளையில் ஒரு நூல், கீழ்த் துளையில் இன்னொன்று. நூல் எதிலும் ஒட்டவில்லை. இழுத்தால், குட்டையாக இருக்கும் இடத்துக்குப் பக்கத்து நீள இடத்திலிருந்து நூல் நழுவி வரும், பாரம் பரவிக்கொள்ளும். கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுவது போல என்பதால் இதைக் கப்பி விளைவு என்கிறார்கள். ஒரு நூல் அறுவதற்கு முன்னால் அக்கம்பக்கத்து நூல்கள் எல்லாம் வேலைக்கு வந்துவிடுகின்றன. சறுக்குவளையக் கூழ் என்று இந்த வகைக்குப் பெயர்.

இதில் வளையமாக இருப்பது என்ன தெரியுமா? கிட்டத்தட்ட கஞ்சி. மாவுச்சத்தை ஒரு நொதியால் வெட்டி வளையமாக மூடினால் கிடைக்கும் சர்க்கரை வளையம், பெயர் சைக்ளோடெக்ஸ்ட்ரின். ஆறு குளுக்கோஸ் சேர்ந்தால் ஆல்ஃபா, ஏழு பீட்டா, எட்டு காமா. ஆல்ஃபாவின் துளை ஏறக்குறைய அரை நானோமீட்டர். நூலாக இருப்பது பாலிஎத்திலீன் கிளைகால், களிம்பிலும் மலச்சிக்கல் மருந்திலும் சேர்க்கும் சாதாரணப் பொருள்தான். கெமிக்கல் என்ற சொல்லைக் கேட்டதும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் நம் ஊர்க்காரர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

ஊசிக்குள் நூல் கோக்கவே கண்ணாடி தேடுகிறோம், அரை நானோமீட்டர் துளைக்குள் யார் உட்கார்ந்து கோப்பது? யாரும் கோக்கவேண்டாம் என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம். ஒசாகா பல்கலைக்கழகத்தின் அகிரா ஹராடா, சைக்ளோடெக்ஸ்ட்ரின் கரைத்த தண்ணீரையும் பாலிஎத்திலீன் கிளைகால் கரைசலையும் கலந்தபோது, தெளிவாக இருந்த நீர் தானாகவே வெள்ளையாகக் கலங்கி அடியில் படிந்தது. வளையத்தின் உட்புறம் தண்ணீரோடு அவ்வளவாக ஒட்டாத சுபாவம் கொண்டது. நூல் உள்ளே வந்தால் அதற்கு வசதி. உள்ளே வந்த வளையங்கள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் கைபிடித்து அடுக்கிக்கொள்கின்றன. மல்லிகைச் சரம் தானே தொடுத்துக்கொண்ட மாதிரி. பிறகு முனைகளில் கடையாணி வைத்து 1992-இல் அவர் வெளியிட்டதற்கு ‘மூலக்கூறு மாலை’ என்றே பெயர் வந்தது.

ஆனால் அந்த மாலை நெருக்கமாகத் தொடுத்தது. நூல் முழுக்க வளையம் நிறைந்தால் எதுவும் எங்கும் நழுவ முடியாது, குழாய் போல விறைத்துவிடும். ஆசாரி சொன்ன பொடி ஓடிய கண்ணி ஞாபகம் வருகிறதா? ஆகவே இத்தோவின் வேலையில் சூட்சுமம், வளையங்களைக் குறைவாகக் கோப்பதில் இருக்கிறது. நூலில் காலி இடம் வேண்டும். 2021-இல் அவருடைய குழு வளையங்களை இன்னும் வெகுவாகக் குறைத்துப் பார்த்தது. இழுத்தபோது வளையம் இல்லாத நீண்ட நூல் பகுதிகள் பக்கம் பக்கமாக நேராகி, படிகம் போல இறுகிக்கொண்டன. இழுக்க இழுக்க வலு ஏறியது. விட்டதும் இறுக்கம் கலைந்து பழைய நிலைக்கு வந்துவிட்டது. கிழிசல் ஓடப் பார்க்கும் முனையில்தான் இழுப்பு அதிகம், அதே முனையில்தான் இந்தப் பாதுகாப்பும் தானாக முளைக்கிறது.

கேட்டனேன் பக்கம் கதை வேறு மாதிரி. அங்கே வளையங்களைக் கோப்பது நிஜமாகவே கஷ்டம். 1960-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எடெல் வாசர்மன், 34 கார்பன் கொண்ட வளையங்கள் மிதக்கும் கரைசலில் நீண்ட சங்கிலிகளைப் போட்டு அவற்றின் வாயை மூடினார். மூடும் நேரத்தில் தற்செயலாக எது இன்னொரு வளையத்துக்குள் நுழைந்திருந்ததோ அதுதான் லாபம். கிடைத்தது ஒரு சதவீதத்துக்கும் கீழே. கண்ணைக் கட்டிக்கொண்டு கொலுசு செய்கிற மாதிரிதான்.

1983-இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ழான்-பியர் சோவாஜ் இதற்கு ஒரு வழி கண்டார். செம்பு அயனி ஒன்றை நடுவில் வைத்தார். வளையம் ஒன்றும், பிறைவடிவத் துண்டு ஒன்றும் அந்தச் செம்பைப் பிடித்துக்கொள்ள வரும்போது, துண்டு வளையத்துக்குள் நுழைந்த நிலையில்தான் நின்றாகவேண்டும். அந்த நேரம் பார்த்துத் துண்டின் வாயை மூடிவிட்டார். பிறகு செம்பைக் கழுவி எடுத்துவிட்டார். ஆசாரியின் இடுக்கி செய்யும் வேலையைச் செம்பு செய்தது, வேலை முடிந்ததும் இடுக்கியை எடுத்துவைத்தாயிற்று. விளைச்சல் ஒரேயடியாக 42 சதவீதத்துக்குப் போனது. இந்தத் துறை உண்மையில் நடமாடத் தொடங்கியது அப்போதுதான். 1991-இல் ஃப்ரேசர் ஸ்டாடர்ட், அச்சின் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே வளையம் போய்வரும் ரோட்டாக்சேனைச் செய்தார். 2016-இல் வேதியியல் நோபல் பரிசு இவர்கள் இருவருக்கும் பென் ஃபெரிங்காவுக்கும் சேர்ந்து போனது. பரிசு மூலக்கூறு இயந்திரங்களுக்காக. பத்திரிகைகள் எல்லாம் நானோ மோட்டார், நானோ கார் என்று எழுதித் தள்ளின. அதே கோர்வை நல்ல ரப்பருக்கும் கூழுக்கும் உதவும் என்ற பக்கம் அதில் அமுங்கிப்போனது என்பது என் குறை. முதலில் கடைக்கு வந்ததோ அந்தப் பக்கம்தான்.

முழுக்க முழுக்கச் சங்கிலியாகவே ஒரு பாலிமர் செய்யலாமா? 2017-இல் சிகாகோவில் ஸ்டூவர்ட் ரோவன் குழு, செம்புக்குப் பதில் துத்தநாக அயனியை இடுக்கியாக வைத்து, 130 வளையங்கள் வரை கோத்த மூலக்கூறுச் சங்கிலிகளைச் செய்தது. கொலுசு எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதைக் கையில் ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கிட்டத்தட்ட தண்ணீர் போல விழும். ஒவ்வொரு வளையமும் உறுதியான வெள்ளி, ஆனால் சங்கிலி மொத்தமும் துவளும். சாதாரணப் பாலிமர் நூலில் ஒரு பிணைப்பு ஓரளவு முறுக்கிக்கொள்ளத்தான் முடியும். இதில் கண்ணி திரும்பலாம், சாயலாம், கொஞ்சம் நெருங்கி விலகலாம்.

2025 ஜனவரியில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் டிக்டெல் குழு இதைத் தகடாக்கியது. பழைய போர்வீரர்கள் போட்ட வளையக் கவசம் போல, இரு திசையிலும் கோத்துக்கொண்ட மெல்லிய ஏடுகள். ஒரு சதுர சென்டிமீட்டரில் 100 டிரில்லியன் கோர்வைகள். நம் கணக்கில் ஒரு கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் எண். அதை அல்டெம் என்ற ஏற்கெனவே வலுவான பிளாஸ்டிக்கில் 2.5 சதவீதம் மட்டும் கலந்ததில் அதன் வலு கூடியது. அதே பல்கலைக்கழகத்தில் நெடுநாள் இருந்த ஸ்டாடர்ட் அதற்குச் சில வாரம் முன்புதான் காலமாகியிருந்தார்.

பயன்பாடு என்று பார்த்தால் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது பேட்டரி. லித்தியம் பேட்டரியில் கிராஃபைட்டுக்குப் பதில் சிலிக்கான் வைத்தால், அதே எடைக்குக் கிட்டத்தட்ட பத்து மடங்கு லித்தியத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் துகள் மூன்று நான்கு மடங்கு பருத்துவிடும், இறங்கும்போது சுருங்கும். பொங்கி அடங்கும் பால் மாதிரி, அதுவும் தினமும். சில நாளிலேயே நொறுங்கிச் சிதறும். 2017-இல் தென்கொரியாவில் ஜாங் வூக் சோய், அலி கோஷ்குன் ஆகியோரின் குழு, துகள்களை ஒட்டிவைக்கும் பசையில் ஐந்து சதவீதம் பாலிரோட்டாக்சேன் சேர்த்தது. துகள் பருக்கும்போது வளையங்கள் நழுவி இடம் கொடுக்கின்றன, சுருங்கும்போது இழுத்துப் பிடிக்கின்றன. நொறுங்கிய துண்டுகள்கூட அந்தப் பிடிக்குள்ளேயே நின்றன. கீறல் விழுந்தாலும் மெல்ல மறைந்துவிடும் மேற்பூச்சாகவும் ஜப்பானில் சறுக்குவளையப் பொருள்கள் சந்தைக்கு வந்தன.

குறையும் சொல்லவேண்டும். சாதாரண ரப்பரோடு ஒப்பிட்டால் இவை செய்யச் செலவும் படிகளும் அதிகம். கோக்க வேண்டும், கடையாணி வைக்க வேண்டும், மிச்ச வளையத்தைக் கழுவ வேண்டும். சைக்ளோடெக்ஸ்ட்ரின் வளையங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் சுபாவத்தால் கும்பல் கூடி நகராமல் நிற்பதும் உண்டு. அதைத் தடுக்க வளையத்தின் வெளிப்புறத்தை வேதிமாற்றம் செய்கிறார்கள். நழுவலுக்கும் எல்லை இருக்கிறது. வளையங்கள் ஒரு பக்கமாக நெருங்கி முட்டிக்கொண்டால் அதற்குமேல் அது சாதாரண முடிச்சுதான். கடையாணி பிய்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இயற்கையில் இது இருக்கிறதா என்று மகள் கேட்டாள். இருக்கிறது, ஆனால் அவ்வளவு நல்ல இடத்தில் இல்லை. காலா அசார் நோய் தரும் லீஷ்மேனியா போன்ற ஒட்டுண்ணிகளின் செல்லுக்குள் ஆயிரக்கணக்கான சின்ன டிஎன்ஏ வளையங்கள் ஒன்றோடொன்று கோத்து, வளையக் கவசம் போலவே ஒரு தட்டு வலையாக இருக்கின்றன. செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் அந்த வளையங்களை வலையிலிருந்து கழற்றி, நகல் எடுத்து, ஓரத்தில் மறுபடி மாட்டிவிடுகிறது. வளையத்தின் வாயைத் திறந்து மூடும் வேலைக்கு டோப்போஐசோமரேஸ் என்று ஒரு நொதி. வெங்காரமும் கேட்பதில்லை, ஊதுகுழலும் கேட்பதில்லை.